நீட், ஜேஇஇ, கியூட்: எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

குலசேகரம் தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ் வழியில் பதினொன்றாம் வகுப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அதே பள்ளிதான். நான் குமரி மாவட்டம் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள உறவில் ஆள் இல்லை.

சென்ற வாரம் ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். மருத்துவத்துக்கான நீட், ஐஐடி, என்ஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்றும், எதற்கும் எல்லாவற்றையும் எழுதி வைப்பது நல்லது என்றும் சொன்னார்கள். தவணையாகக் கட்டலாம் என்றாலும், முதல் தவணை ஜூனில் வருகிறது. மழை பிடித்துவிட்டால் பால்வெட்டு நின்றுவிடும், கையில் காசும் இருக்காது. மகளுக்குக் கணக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பெண் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டருக்குத்தான் படிக்க வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் விடாமல் சொல்கிறார்கள்.

மூன்று தேர்வுகளையும் எழுதத்தான் வேண்டுமா, தமிழில் எழுதலாமா, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு இவளுக்குக் கிடைக்குமா என்பவைதான் என் கேள்விகள். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தக்கலை இயற்பியல்

ஐயா, நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். தேர்விலிருந்து தொடங்காதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. பிள்ளை எந்தப் படிப்பில் சேர விரும்புகிறாள், அந்த இடத்தை எந்தக் கணக்கில் நிரப்புகிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அப்படி வந்தால் பாதித் தேர்வுகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர நுழைவுத் தேர்வே கிடையாது என்பதைப் பயிற்சி மையத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1984 முதல் நடந்துவந்த மாநில நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள் தொடங்கி, நாகர்கோவில் கோணத்தில் உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி வரை, கலந்தாய்வில் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான். கணிதத்தை நூற்றுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகக் குறைத்துக் கூட்டுவார்கள். கணிதம் 96, இயற்பியல் 90, வேதியியல் 88 என்றால் 96, 45, 44 சேர்ந்து கட்-ஆஃப் 185. மற்ற இரண்டு பாடங்களில் போகும் இரண்டு மதிப்பெண் இங்கே ஒன்றாகக் குறைகிறது. கணிதத்தில் போவது முழுதாகப் போகிறது. கணக்கு பிடித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்கு வேறு எதுவும் இல்லை.

வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய படிப்புகளிலும் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் அடிப்படை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் ஆகியவற்றுக்கும் இதுவரை அப்படித்தான். நர்சிங் படிக்க நீட் எழுத வேண்டும் என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, நம் ஊரில் பல பெற்றோர் தேவையில்லாமல் பணம் கட்டுகிறார்கள். நீட் கட்டாயமாக வேண்டியது எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி போன்றவற்றுக்கு. கோட்டாற்றில் உள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியில் சேரவும் நீட் தேவை.

7.5 சதவீதம் பற்றிய பதில் கசப்பானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது பொருந்தும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இடம் பெற்று, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் வந்த சட்டங்கள் இரண்டும் உதவி பெறும் பள்ளிகளை வெளியேதான் நிறுத்தியிருக்கின்றன. திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நூறாண்டுக்கு முன்பே பள்ளிகளைக் கட்டி வைத்த நம் மாவட்டத்தில், ஏழைப் பிள்ளைகள் பெருமளவில் படிப்பது அந்த உதவி பெறும் பள்ளிகளில்தான். அடுத்த தெருவில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் உங்கள் மகளுக்கும் வருமானத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் சட்டத்தின் முன் வேறுபாடு உண்டு. அது நியாயமா என்பது தனி விவாதம். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆசாரிப்பள்ளம் மாணவி

மாமா, நான் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன்; பள்ளியில் தமிழ் வழியில் படித்து, நீட் தேர்வையும் தமிழைத் தேர்ந்தெடுத்தே எழுதினேன். ஆகவே மொழி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் மட்டுமே உள்ள வினாத்தாள் வரும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வருவது ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த இருமொழி வினாத்தாள். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஆங்கிலம் மட்டுமே இருக்கும். இந்த வகையில் தமிழைத் தேர்ந்தெடுப்பதில் நட்டம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடையில் பொருள் வேறுபாடு வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே இறுதியானது என்று தேர்வு முகமை தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னதும், பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். பிழை வந்தால் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் செய்தது இதுதான். உயிரியல் பாடத்தைத் தமிழ்ப் புத்தகத்தில் படித்துவிட்டு, அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பை அருகில் வைத்து, கலைச்சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். நம் பாடநூல்கள் இரு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'சிறுநீரக நுண்குழல்' என்று படித்த இடத்தில் 'நெஃப்ரான்' என்று பார்த்ததும் திகைக்காமல் இருந்தால் போதும். கேள்விகள் மத்தியப் பாடநூலான என்சிஇஆர்டி புத்தகத்தின் வரிகளை ஒட்டியே வருகின்றன. மாநிலப் பாடநூலில் விரிவாக இருப்பது அங்கே ஒரே வரியில் இருக்கும், அந்த வரியைத்தான் கேட்பார்கள். இயற்பியலில் மொழிச் சிக்கல் குறைவு; அங்கே சிக்கல் நேரம்தான். 2025 முதல் 180 நிமிடங்களில் 180 கேள்விகளுக்கும் விடையளிக்க வேண்டும். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இருந்ததுபோல் 200 கேள்விகளில் 180ஐத் தேர்ந்துகொள்ளும் சலுகையும் இருபது நிமிடக் கூடுதல் நேரமும் இப்போது இல்லை. இரண்டு மொழியையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் படிக்க நேரம் இருக்காது. ஒரு மொழியில் படித்து, குழம்பினால் மட்டும் அடுத்ததைப் பார்க்கப் பழக வேண்டும்.

குளச்சல் அண்ணன்

தக்கலை ஆசிரியர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வதை முழுவதும் ஏற்க முடியவில்லை. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளை 'உனக்கு இது போதும்' என்று சொல்லிச் சொல்லியே பக்கத்துக் கல்லூரியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கலந்தாய்வுக்கு மதிப்பெண் போதும் என்பது உண்மைதான். ஆனால் தேசியத் தொழில்நுட்பக் கழகமான திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன, அந்த இடத்தைக் கேட்க ஜேஇஇ மெயின் எழுதியிருக்க வேண்டும் என்பதை எத்தனை பள்ளிகளில் சொல்கிறார்கள்?

ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. இரண்டிலும் எழுதினால் எது கூடுதலோ அதையே எடுத்துக்கொள்கிறார்கள். 2021 முதல் தமிழிலும் எழுதலாம். 75 கேள்விகள், 300 மதிப்பெண். 2025இல் பெண்களுக்கான கட்டணம் 800 ரூபாய். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டாமல், விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் கட்டி ஜனவரியில் எழுதிப் பார்ப்பதில் என்ன நட்டம்? கணினி முன் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகியதாவது மிச்சம்.

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உட்பட மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022இலிருந்து கியூட் வந்துவிட்டது. அதுவும் தமிழில் எழுதக்கூடியது. தங்கை குலசேகரத்தில் இருக்கிறாள் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன்: மலையோரமாகப் போனால் கேரளத்தின் விதுராவில் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர், வலியமலையில் விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி. காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்கும் இந்த இரண்டின் பெயரையும் நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

தக்கலை இயற்பியல்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஜேஇஇ மெயினை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பயிற்சி என்ற பெயரில் பிள்ளையின் நேரத்தை நான்காகக் கூறு போடுவதைத்தான் மறுக்கிறேன். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல். ஜேஇஇ மெயினின் 75 கேள்விகளில் உயிரியல் ஒன்றுகூட இல்லை, 25 கணிதம். இரண்டையும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரே ஆண்டில் முழு மூச்சாகத் தயார் செய்வது இரண்டு பள்ளியில் ஒரே நேரத்தில் படிப்பதற்குச் சமம். மிகச் சில பிள்ளைகளால் முடியும். மற்றவர்களுக்கு மார்ச் மாதப் பொதுத் தேர்வு மதிப்பெண்தான் அடிபடும்; அது அடிபட்டால் உறுதியாகக் கையில் இருந்த கட்-ஆஃபும் போய்விடும்.

நீங்கள் சொன்ன நிறுவனங்களைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐஐஎஸ்டியில் சேர, மெயினுக்கு அடுத்த கட்டத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசை வேண்டும். மெயினில் முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்தவர்களே அட்வான்ஸ்டு எழுத முடியும்; அதுவும் ஆங்கிலம், இந்தி ஆகிய இரு மொழிகளில் மட்டும். ஐசர் நிறுவனங்களுக்குத் தனியே ஒரு தகுதித் தேர்வு உண்டு: இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து கேள்விகள், மூன்று மணி நேரம். தமிழில் கிடையாது. ஆனால் அடிப்படை அறிவியலில் ஆர்வமும் நான்கு பாடங்களும் உள்ள பிள்ளைக்கு இது மிகப் பொருத்தமான தேர்வு. நம் முதல் குரூப் பிள்ளைகளுக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது, எழுதுபவர்கள்தான் இல்லை. என்ஐடியைப் பொறுத்தவரை, ஜேஇஇ மதிப்பெண் மட்டும் போதாது. பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 65 சதவீதம், அல்லது அந்த வாரியத்தின் முதல் இருபது பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் பொதுத் தேர்வு குறுக்கே வந்து நிற்கிறது.

களியக்காவிளை வாசி

கேரள எல்லையில் இருப்பவர்களுக்காக ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்; குலசேகரம் அண்ணனுக்கு இது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். எங்கள் பக்கத்தில் வீடு தமிழ்நாட்டிலும் பள்ளிக்கூடம் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ என்பது சாதாரணம். ஜேஇஇ வழியாக என்ஐடிக்குப் போகும்போது, எந்த மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றீர்களோ அதுவே உங்கள் சொந்த மாநிலம். ரேஷன் அட்டை விளவங்கோடு தாலுகாவில் இருந்தாலும், கேரளத்தில் பிளஸ் டூ முடித்தவருக்குச் சொந்த மாநில ஒதுக்கீடு கோழிக்கோடு என்ஐடியில்தான், திருச்சியில் இல்லை.

மருத்துவத்தில் கணக்கு வேறு. நீட் மூலம் நிரப்பும் அரசு எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி 85 சதவீதம் மாநிலத்தவருக்கு. எல்லைக்கு அப்பால் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டுமானால் பிறப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும் சரியாக இருக்க வேண்டும். அதைக் கலந்தாய்வு நேரத்தில் தேடி ஓடுவதைவிட இப்போதே எடுத்து வைப்பது நல்லது. இன்னொன்று: திருவனந்தபுரம் பக்கம்தானே என்று தேர்வு மையமாக அதைப் போட்டுவிடாதீர்கள். நீட் தமிழ் வினாத்தாள் கேரளத்தில் உள்ள மையங்களில் கிடைக்காது.

விண்ணப்பக்காரர், மார்த்தாண்டம்

நான் விண்ணப்பங்கள் பூர்த்தி செய்து கொடுக்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். தேர்வைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம். பிள்ளைகள் வாய்ப்பை இழப்பது தேர்வு அறையில் மட்டும் இல்லை, இந்த மேசையிலும்தான்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து, விண்ணப்பத்திலும் இருக்க வேண்டும். நம் ஊரில் முன்னெழுத்து பெரும் தலைவலி. சான்றிதழில் முன்னெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இரண்டும் இல்லாமல் இருக்கும். பதினொன்றாம் வகுப்பு முடியும் இந்த விடுமுறையிலேயே ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரரின் எண்ணையோ பயிற்சி மையத்தின் எண்ணையோ கொடுத்துவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் கடவுச்சொல் அந்த எண்ணுக்குப் போக, அவரோ வெளியூரில் இருக்க, வாசலில் காத்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வினாத்தாள் மொழியை நிரப்பும்போது பிள்ளை பக்கத்தில் இருக்க வேண்டும். அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. தேர்வு நகரமாக நாகர்கோவிலை முதல் விருப்பமாகப் போடுங்கள். 2018இல் நம் மாநிலப் பிள்ளைகள் பலரை எர்ணாகுளம் வரை அனுப்பியதால் பட்ட பாட்டை நினைத்தால், இன்று இங்கேயே மையம் இருப்பது பெரிய ஆறுதல்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. பள்ளியில் கொடுத்த மாநிலச் சான்றிதழ் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்குச் செல்லும். ஜேஇஇ, அகில இந்திய ஒதுக்கீடு, கியூட் ஆகியவற்றில் இதர பிற்படுத்தப்பட்டோர் என்று கேட்க, மத்திய அரசு வடிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்று குறிப்பிடும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் என்றதும், மாதச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு நமக்குக் கிடைக்காது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த வரம்பைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்ப்பதில்லை. அரசு ஊழியர்களுக்குப் பதவியின் நிலையைத்தான் பார்க்கிறார்கள்.

குலசேகரம் தகப்பன்

இவ்வளவு விரிவாகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மகளும் உட்கார்ந்து படித்தாள். அவள் கேட்கச் சொன்ன கேள்விகள் இரண்டு. பர்சென்டைல் என்பதும் சதவீதமும் ஒன்றா? தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்றால், தெரியாத கேள்வியை விட்டுவிடுவதுதான் நல்லதா? என் கேள்வி ஒன்று: முதல் முறை கிடைக்காவிட்டால், ஒரு வருடம் நிறுத்திப் படிக்க வைக்கலாமா?

தக்கலை இயற்பியல்

இரண்டும் ஒன்றல்ல மகளே. சதவீதம் என்பது உன் விடைத்தாளைப் பற்றியது. பர்சென்டைல் உனக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைப் பற்றியது. 2025இல் ஜேஇஇ மெயின் எழுதியவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். அதில் 99 பர்சென்டைல் என்றால் கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் உனக்கு முன்னால் இன்னும் 15,000 பேர் நிற்கிறார்கள். பல நாள்களில் பல வேளைகளில் வெவ்வேறு வினாத்தாள்களில் தேர்வு நடப்பதால், ஒரு வேளையின் தாள் கடினமாகவும் இன்னொன்று எளிதாகவும் இருந்தால் அதைச் சமன் செய்ய இந்த முறையை வைத்திருக்கிறார்கள்.

நீட் ஒரே நாளில் ஒரே தாளாக நடப்பது. அங்கே மதிப்பெண்ணை நேராகப் பார்க்கலாம். ஆனால் ஒரு வருட மதிப்பெண்ணை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடியாது. பொதுப் பிரிவில் தகுதி பெறக் குறைந்தபட்சம் 2024இல் 162 வேண்டியிருந்தது, 2025இல் 144 போதுமானதாக இருந்தது. தாள் கடினமாகிவிட்டது, அவ்வளவுதான். அதோடு, தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. 2025இல் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்கள், தனியார் கல்லூரிகளையும் சேர்த்து, 1 லட்சத்துக்கு மேல். 'எங்கள் மாணவர்கள் இத்தனை பேர் நீட் தேர்ச்சி' என்று வடசேரியில் வைக்கும் பேனரை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

விடை தெரியாத கேள்விக்கு வருவோம். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று குறைவு. நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் கண்ணை மூடிக் குறித்தால், நான்கு கேள்விக்கு ஒன்று சரி, மூன்று தவறு என்று சராசரியாகக் கொள்ளலாம். நான்கு வரும், மூன்று போகும். நான்கு கேள்வி குறித்ததற்கு மிச்சம் ஒன்று. ஆகவே கூட்டிக் கழித்தால் லாபமும் பெரிதில்லை, நட்டமும் இல்லை. அதிர்ஷ்டம் கைவிட்டால் மட்டும் இறங்கும். ஆனால் இரண்டு விடைகள் உறுதியாகத் தவறு என்று தெரிந்து, மீதி இரண்டில் ஒன்றைக் குறித்தால், ஒரு கேள்விக்குச் சராசரி ஒன்றரை மதிப்பெண் வரும். அப்படிப்பட்ட கேள்வியை விடவே கூடாது. நம் பிள்ளைகள் பயத்தில் விடுவது பெரும்பாலும் இந்த வகைக் கேள்விகளைத்தான். மாதிரித் தேர்வு எழுதும்போது, உறுதியாகத் தெரிந்தது, இரண்டுக்கு இடையில் நின்றது, ஒன்றும் தெரியாதது என்று ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறியிட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரியானது என்று எண்ணிப் பார். உன் ஊகம் எவ்வளவு நம்பத்தக்கது என்று அப்போது தெரியும்.

தோவாளை அம்மா

அண்ணாச்சி, நிறுத்திப் படிப்பது பற்றி நான் சொல்கிறேன். என் மகனை வெளிமாவட்டத்தில் தங்கிப் படிக்கும் பயிற்சி மையம் ஒன்றில் சேர்த்தோம். சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவனுக்கு உடல்நிலை ஒத்துக்கொள்ளாமல் திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று. முழு ஆண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். பூக்கடை வருமானத்தில் அதைக் கட்டித்தான் வாங்கினோம். எந்த மையத்திலும் அசலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்காமல் பணமும் கட்டாதீர்கள்.

நிறுத்திப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நீட் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இப்போது இல்லை. ஜேஇஇ மெயினைப் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டுகளும் எழுதலாம், அட்வான்ஸ்டை அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் எழுதலாம். ஆனால் முதல் முறை வாங்கிய மதிப்பெண்ணுக்கும் கல்லூரி கிடைக்கும் மதிப்பெண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கொஞ்சத்தில் தவறியது என்றால் ஒரு வருடம் வீண் போகாது. பாதி தூரம்கூட வரவில்லை என்றால், மையத்துக்காரர்கள் என்ன சொன்னாலும் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையே அதைக் கேட்க வேண்டும். என் மகன் கேட்கவில்லை, நாங்கள்தான் அனுப்பினோம். இப்போது நாகர்கோவிலிலேயே பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறான், நன்றாகப் படிக்கிறான்.

ஆசாரிப்பள்ளம் மாணவி

அம்மா சொன்ன கடைசிச் செய்தியை அப்படியே வழிமொழிகிறேன். என்னோடு படிப்பவர்களில் நிறுத்திப் படித்து வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் இதுதான் வேண்டும் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. தங்கைக்குக் கணக்கு பிடிக்கும் என்கிறீர்கள். மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுகள் கணக்கைக் கண்ணாலும் பார்க்க முடியாது.

குலசேகரம் தகப்பன்

நேற்று இரவு மகளோடும் அவள் அம்மாவோடும் உட்கார்ந்து பேசினோம். நீட் வேண்டாம் என்று மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். பொதுத் தேர்வுதான் முதல் வேலை. ஜனவரியில் ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதட்டும். பயிற்சி மையம் வேண்டாம், பள்ளிக் கணக்கு டீச்சர் சனிக்கிழமைகளில் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஐசர் தேர்வு ஆங்கிலத்தில் என்பது கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றாலும், அந்தக் கலைச்சொல் நோட்டை இன்றே தொடங்கிவிட்டாள். கியூட் பற்றிப் பொதுத் தேர்வு முடிந்த பிறகு யோசிப்பதாக இருக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: அந்த மத்திய அரசு சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வைக்கலாமா?

விண்ணப்பக்காரர், மார்த்தாண்டம்

இப்போது எடுத்தால் இந்த நிதியாண்டின் தேதி விழும். அது மகளுக்குப் பயன்படாது. ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பத்துக்கு, வரும் ஏப்ரல் 1க்குப் பிறகு எடுக்கலாம். கலந்தாய்வு அதற்கு அடுத்த நிதியாண்டில் வருவதால், அப்போது புதிதாக இன்னொன்று கேட்பார்கள். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாநிலச் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ரேஷன் அட்டை, உங்கள் ஆதார், மகளின் மாற்றுச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் தாமதமாகும். ஏப்ரல், மே மாதங்களில் போட்டுவிட்டால் கூட்டம் இருக்காது. வருமானச் சான்றிதழ் பழையது என்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள் அண்ணாச்சி.